24 டிகிரி

பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. பாட்டிலின் வடிவத்தையே வாங்கிக்கொண்டு, மெழுகு வார்த்ததுபோல வெள்ளையாக உட்கார்ந்திருந்தது தேங்காயெண்ணெய். பாரிஸ், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. நாகர்கோவிலில் நான் கண்டது ஓடுகிற எண்ணெய். மார்கழி விடியலில் கொஞ்சம் கலங்கி அடியில் வெள்ளை கட்டும், வெயில் முற்றத்துக்கு வந்ததும் தெளிந்துவிடும். இங்கே முற்றமும் இல்லை, வெயிலும் இல்லை. பாட்டிலின் வாய் குறுகல், ஸ்பூன் நுழையாது. முந்தின நாள் சீனக்கடையில் சாப்பாட்டோடு தந்த மூங்கில் குச்சியை உள்ளே விட்டுத் தோண்டினேன். தலைக்கு எண்ணெய் வைக்கப் போய்க் கிணறு வெட்டுகிற வேலையாகிவிட்டது.

தேங்காயெண்ணெய் உறைவது ஏறத்தாழ 24 டிகிரியில். என் அறை 19 டிகிரி. இது தற்செயல் இல்லை. பிரான்ஸில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்குச் சராசரி வரம்பாக 19 டிகிரியைச் சட்டமே வைத்திருக்கிறது. யாரும் வீடு வீடாக வந்து அளப்பதில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் சட்டத்தை மதிக்கிறவர், அதிலும் செலவு மிச்சமாகிற சட்டமென்றால் கூடுதலாக மதிப்பார். ஆக, அந்தக் கட்டடத்தில் ஆறு மாதத்துக்குத் தேங்காயெண்ணெய் சட்டப்படி உறைந்துதான் கிடக்கவேண்டும்.

என் முடி சுருட்டை. நுனி மட்டும் வளைகிற சுருட்டை இல்லை. நனைந்தால் இடுப்புக்கு வரும், காய்ந்தால் தோளுக்கு ஏறிவிடும். ஊர் மாறியது சிலருக்கு நாக்கில் தெரியும், சிலருக்கு வயிற்றில். எனக்குத் தலையில் தெரியும். 'தண்ணி ஒத்துக்கல' என்று நம்மூரில் சொல்வோமே, பயணத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமான வாக்கியம் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் தலையைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட ஒரே சொல் 'படியல'. காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கும்போது டீச்சர் பின்னாலிருந்து சொல்வார்: படியல, நாளைக்குப் படிய வாரிட்டு வா. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். தூசு படியும், கறை படியும், பேரம் படியும். காளையும் படியும். படியாத காளைக்கு மூக்கணாங்கயிறு, படியாத முடிக்கு எண்ணெயும் ரிப்பனும் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும். முடியை அவிழ்த்துப் போட்ட பெண்ணால் ஓர் ஊரே எரிந்தது என்று கதை வைத்திருக்கிற மொழி, பள்ளிக்கூடத்து வாசலில் ரிப்பனோடு நிற்பதில் ஆச்சரியமில்லை. மயிர் என்ற நல்ல சொல்லை வசையாக்கித் தெருவில் விட்டதும் நாம்தான்.

ஆச்சி மட்டும் 'படியல' என்று சொல்லமாட்டாள். அவள் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் எங்களுடையது. ஜூன் பிறந்தால் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, உப்புச் சாடியில் தண்ணீர் விடும், என் தலை உழுந்து மாவு மாதிரிப் பொங்கி நிற்கும். கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ, நாலு நல்ல மிளகு போட்டு, சலசலப்பு அடங்குகிற வரை காய்ச்சி, ஆறவைத்த எண்ணெயை ஆச்சி கையில் ஊற்றிக்கொண்டு உச்சியில் அறைவாள். "காதோரம் வடியணும் மக்ளே. வடிஞ்சாத்தான் வச்சதுன்னு அர்த்தம்." குளித்து வந்ததும் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியை நடு உச்சியில் வைத்துத் தேய்ப்பாள், நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க. அது மூலிகை வாசமா மருந்துக்கடை வாசமா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஆச்சி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு ஜெனீவாக்காரர் ஒருவரைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. ஹொராஸ் பெனடிக்ட் டி சொசூர். காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்து 1783இல் அதைப் பற்றி நூலும் எழுதியவர். அந்தக் கருவியின் உயிர் ஒரு மனித முடி. ஒரு முனையை இறுகக் கட்டி மறுமுனையைச் சிறு கப்பியில் சுற்றி முள்ளோடு இணைத்தால், காற்றில் ஈரம் ஏறும்போது முடி நீளும், முள் நகரும். முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போனால் நீட்சி நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்குதான். ஆனால் அது போதும். 1787இல் மோன் பிளாங்க் உச்சிக்கு ஏறியபோது சொசூர் இந்தக் கருவியையும் கொண்டுபோனார். பிறகு இருபதாம் நூற்றாண்டு வரை வானிலை நிலையங்களிலும், பலூனில் கட்டி மேலே விட்ட கருவிகளிலும் யாரோ ஒருவருடைய முடி காற்றைப் படித்துக்கொண்டிருந்தது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விவரம். கருவியில் கட்டுவதற்கு முன்னால் முடியைச் சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து எண்ணெய்ப்பசையை முழுக்க எடுத்துவிடவேண்டும். எண்ணெய் இருந்தால் முடி காற்றைச் சரியாகச் சொல்லாது. இதையேதான் ஆச்சி மறுபக்கத்திலிருந்து தெரிந்துவைத்திருந்தாள். சொசூருக்குக் காற்றைக் கேட்கிற முடி தேவைப்பட்டது. ஜூன் மாதத்தில் இஸ்கூலுக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு அது தேவையில்லை. கொஞ்சம் காது மந்தமான முடி போதும்.

முடிக்குள் இருக்கிற கெரட்டின் புரதத்தை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்பு அழுத்தமானது, தண்ணீருக்கு மசியாது. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டதும் விட்டுவிடும், காய்ந்ததும் அந்த நேரத்தில் இருக்கிற நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். மழைக்காற்றில் இது நாள் முழுக்க விட்டும் பிடித்தும் நடக்கிறது. ஒவ்வொரு இழையும் தன் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்வதால் தலை பொங்குகிறது. பல எண்ணெய்கள் முடியின் மேலேயே நிற்கும்போது, தேங்காயெண்ணெயில் அதிகமாக உள்ள லாரிக் அமிலம் சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் உள்ளே புகுந்துவிடுகிறது. தேங்காயெண்ணெய் வைத்த முடி கழுவும்போது புரதத்தைக் குறைவாக இழக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த வேலையைச் செய்வதில்லை என்று 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மும்பையில் தேங்காயெண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கடைக்காரர் தராசுதான், ஆனால் எடை சரியாகவே இருந்தது.

சென்னைக்குப் படிக்கப் போனேன். வேளச்சேரி விடுதியில் போர் தண்ணி. வாளியின் விளிம்பில் ஒரு மாதத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சீயக்காய் போட்டால் நுரைக்கவில்லை, சோப்புப் போட்டால் பிசுபிசுத்தது. முதல் மாதமே சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வர, அறையில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருத்திதான் உருப்படியாக ஒரு காரியம் செய்தாள். உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். "நுனியில வெள்ளையா குண்டு இருக்குதா பாரு. இருந்தா வேரோட வந்தது. இது நடுவுல ஒடிஞ்சது. உனக்குக் கொட்டல, ஒடியுது." சுண்ணாம்பும் மக்னீசியமும் முடியில் ஏறி அதைச் சொரசொரப்பாக்குகின்றன, சொரசொரத்த முடி சிக்கு விழுந்து ஒடிகிறது. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வேரோடு விழுவது எல்லோருக்கும் வழக்கம்தான் என்றும், அதற்காக அழவேண்டாம் என்றும் அவள்தான் சொன்னாள்.

அங்கேதான் நேராக்கியும் கொண்டேன். வேலைக்கு நேர்காணல் இருந்தது, 'கொஞ்சம் நீட்டா போ' என்றார்கள். பார்லரில் நான்கு மணி நேரம். கந்தகப் பிணைப்பை மருந்தால் உடைத்து, சூட்டுத் தகடால் இழுத்து, வேறு மருந்தால் மறுபடி பூட்டினார்கள். வெளியே வரும்போது கண்ணாடியில் ஒரு படிந்த பெண் நின்றாள். வேலை கிடைக்கவில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், வளருவது சுருட்டையாகத்தான் வளரும். ஆறு மாதத்தில் காதளவுக்கு மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக ஆகிவிட்டேன். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் முடி முறியும். சீப்பு அந்தக் கோட்டில் வந்ததும் நிற்கும். ஒன்றரை ஆண்டு பொறுத்து, நேரான மிச்சத்தை ஒரே வெட்டாக வெட்டி எறிந்தேன். கறுப்பினப் பெண்களிடையே இதற்குப் 'பெரிய வெட்டு' என்றே ஒரு பெயர் உண்டு என்பதும், அதைப் பிறந்தநாள் மாதிரி நினைவில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

பாரிஸுக்குப் புறப்படும்போது ஆச்சி காய்ச்சிய எண்ணெயை இருநூறு மில்லி பாட்டிலில் தந்துவிட்டாள். பாதி பாட்டில்தான் இருந்தது. 2006 ஆகஸ்டில் திரவ வெடிபொருளோடு விமானம் ஏற நடந்த சதி லண்டனில் பிடிபட்டபின், கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்கு, உள்ளே இருக்கிற எண்ணெய்க்கு இல்லை என்பதை அந்தப் பாதுகாப்பு வரிசையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்னென்ன மூலிகை என்று நான் விளக்க விளக்க, பாதுகாப்பு அதிகாரி மரியாதையோடு கேட்டுவிட்டு மரியாதையோடு தொட்டியில் போட்டார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே. பத்து மணி நேரத்தில் என் முடி எழும்பி, முன் இருக்கைத் துணியில் தொட்டபோது சடசடத்தது. வறண்ட காற்றில் மின்னேற்றம் வடிவதற்கு வழியில்லை. நான் முள், விமானம் சொசூரின் பெட்டி.

பாரிஸ் காற்று ஈரமானதுதான், மழையும் அடிக்கடி தூறும். பின் எதற்காக முடி வைக்கோலாகிறது என்று முதல் குளிர்காலம் முழுக்கக் குழம்பினேன். விடை வீட்டுக்குள் இருந்தது. குளிர்ந்த காற்றால் அதிகம் நீராவியைத் தாங்க முடியாது. அந்தக் காற்றையே உள்ளே கொண்டுவந்து ரேடியேட்டரால் சூடாக்கினால், இருக்கிற கொஞ்ச நீராவி பெரிய பாத்திரத்தில் ஊற்றிய ஒரு கரண்டித் தண்ணீர் ஆகிவிடும். வெளியே உறைகிற குளிரென்றால் உள்ளே பாலைவனம். போதாததற்குக் கம்பளிக் கழுத்துத்துணி பிடரி முடியை நாள் முழுக்க உரசும். அந்த இடம் மட்டும் எலி கடித்தது மாதிரி ஆயிற்று. குழாய்த் தண்ணீரோ சுண்ணாம்பு. கெட்டிலில் ஒரு மாதத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டியது. வேளச்சேரி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த நகரத்தில் ஃபோபூர் சான் தெனி என்றொரு தெரு. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வடக்கு முனை நம் ஆட்கள் லாச்சப்பல் என்று சொல்கிற இடம்: புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி, முருங்கைக்காய். தெற்கே நடந்து, வட ரயில் நிலையத்தைத் தாண்டி, ஷாத்தோ தோ மெட்ரோ பக்கம் வந்தால் ஆப்பிரிக்க முடி அலங்காரக் கடைகள், கடைக்கு மேல் கடை. மெட்ரோ படியேறி வெளியே வந்ததும் இளைஞர்கள் கூப்பிடுவார்கள், நம் பேருந்து நிலையத்தில் லாட்ஜுக்குக் கூப்பிடுவதுபோல. ஒரே தெருவின் இரு முனையிலும் ஊரை விட்டு வந்தவர்கள், ஒரு முனையில் தேங்காயெண்ணெய், மறு முனையில் கரிட்டே என்கிற ஷியா வெண்ணெய். எனக்குத் தேவையானதெல்லாம் அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தது.

முதலில் வடக்கே போனேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கல்லாவில் இருந்தார். தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தேன். என் தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க இருக்கிறீங்கள் பிள்ளை? உது உங்க உறைஞ்சு போமே. ஹீட்டருக்குக் கிட்ட வைச்சு வைச்சு எடுக்கோணும். நல்லெண்ணெயைக் கொண்டு போங்கோ, அது எந்தக் குளிருக்கும் கட்டிபடாது."

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியும் உப்பிடித்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலதானே வருது. தோய்ஞ்சாப்பிறகு கடைசித் தண்ணிக்குள்ள அரைத் தேசிக்காய் புளிஞ்சு விட்டு வாருங்கோ. எங்கட அம்மா செய்யிறது."

யாழ் தீபகற்பமே சுண்ணாம்புப் பாறை. அந்த ஊரின் நிலவியல் ஒரு தேசிக்காயில் முடிந்து பாரிஸ் கல்லாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புளிப்பு, சுண்ணாம்பைக் கரைக்கும். எந்தக் கெட்டிலும் சாட்சி சொல்லும். நல்லெண்ணெய் உறையச் சுழியத்துக்குக் கீழே நான்கைந்து டிகிரி வேண்டும். அப்போதுதான் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த என் அத்தையை நினைத்தேன். கரிசல் காட்டுக்குப் போனபின் அவள் நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டாள், தலை முழுக அரப்பு. 'எண்ணெய மாத்திட்டா, இனி எங்க ஆளு இல்ல' என்று ஆச்சி பல வருடம் குறைபட்டாள். தேங்காய் விளைகிற ஈரக்கரையில் தேங்காயெண்ணெய், எள் விளைகிற வறண்ட நிலத்தில் நல்லெண்ணெய். அத்தை மாற்றியது எண்ணெயை இல்லை, அவளை மாற்றியது காற்று.

தெற்கு முனைக்குப் போக எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. கூச்சம். அங்கே கறுப்பினத்துக்காரர்களின் முடிக்குத்தானே கடை, என் முடி அதில் எங்கே சேரும் என்ற குழப்பம். பிடரி முடி கையோடு வந்த ஒரு நாளில் போய்விட்டேன். எல்லோரும் தாந்தி என்று கூப்பிட்ட அந்த அம்மாள் ஐவரி கோஸ்டின் வடக்கே கொரோகோ பக்கத்துக்காரர். தாந்தி என்றால் அத்தை, சித்தி, எல்லாம்தான். என் பிரெஞ்சு அரைகுறை. அவர் அதைச் சட்டை செய்யவில்லை, கையாலேயே பேசினார். சீப்பைத் தொடவில்லை. தண்ணீர் தெளித்து, விரலால் நுனியிலிருந்து மேல் நோக்கி, கால் மணி நேரம் சிக்கெடுத்தார். நான் இத்தனை வருடம் வேரிலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தகரடப்பாவிலிருந்து மஞ்சள் நிறக் கட்டியை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்தார். கரிட்டே வெண்ணெய். கொஞ்சம் புகை வாசம் அடித்தது. அவர் ஊரில் நவம்பர் முதல் சஹாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று அடிக்கும், உதடு வெடிக்கும், அதற்கு அங்கேயே வளர்கிற மரத்தின் கொட்டை. பாரிஸ் ரேடியேட்டரும் ஹர்மத்தானும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, வாயால் ஊதிக் காட்டினார்.

அன்று வழுவழுப்பான சாட்டின் துணியில் தைத்த இரவுத் தொப்பி ஒன்றையும் என் கையில் திணித்தார். பருத்தித் தலையணை முடியின் ஈரத்தை உறிஞ்சும், உரசும். சாட்டின் இரண்டும் செய்யாது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி மாதிரி இருந்தேன். பிடரி முடி மூன்று மாதத்தில் தேறிவிட்டது. கிளிசரின் கலந்த கிரீம்களைக் குளிர்காலத்தில் தொடாதே என்றும் சொன்னார். காற்றில் ஈரம் இருந்தால் கிளிசரின் அதை இழுத்து முடிக்குத் தரும், இல்லாவிட்டால் முடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பேசுகிற தரகர்.

அந்தக் கடைச் சுவரில் முடிக் கட்டுகள் தொங்கின. பிரேசிலியன், பெருவியன், மலேசியன், இந்தியன் என்று அட்டைகள். பெரும்பாலும் வெறும் வியாபாரப் பெயர்கள். பெண்களின் நீள முடிக்கு உலகச் சந்தையின் பெரிய ஊற்றுகளில் ஒன்று நம் பக்கத்துக் கோயில்கள். திருப்பதியில் இறக்குகிற முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. ஒரே தலையிலிருந்து ஒரே பக்கமாகக் கட்டிய முடிக்கு விலை அதிகம். முடியின் மேற்பரப்பில் ஓடு வேய்ந்ததுபோலச் செதில்கள் நுனி நோக்கி அடுக்கியிருக்கும்; திசை மாறிக் கலந்தால் ஒன்றோடொன்று கோத்துச் சிக்காகும். சீப்பில் சேர்ந்த முடி அப்படித்தான் கலந்து கிடக்கும், அதற்கு அமிலக் குளியல் கொடுத்துச் செதிலையே அகற்றிவிடுவார்கள். ஆச்சி வாரி உதிர்ந்த முடியை விரலில் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகிவைப்பாள். சவுரி முடி வாங்க வருகிறவர் சைக்கிள் மணி அடித்ததும் எல்லா உருண்டையும் வெளியே வரும். ஒரு முறை எவர்சில்வர் கரண்டி கிடைத்தது, ஒரு முறை ஊக்கு மட்டும். அந்த உருண்டைகளில் ஏதாவது ஒன்று சென்னையில் நேராகி, அட்டையில் இந்தியன் என்று பெயர் வாங்கி இந்தச் சுவருக்கு வந்திருக்குமோ என்று தோன்றியது. தாந்தியே நேரான விக் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் என் சுருட்டைக்கு வைத்தியம் பார்த்தார். கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக, சனிக்கிழமை ராத்திரி தலை வார நேரமில்லை என்றார். நான் ஏதோ அரசியல் பதிலை எதிர்பார்த்திருந்தேன்.

அரசியல் இல்லாமலும் இல்லை. பிரான்ஸில் இயற்கையான தன் முடியோடு வாழத் தீர்மானித்தவர்கள் தங்களை நாப்பி என்று அழைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இழிவாக இருந்த சொல்லை எடுத்து, 'இயற்கை'யும் 'மகிழ்ச்சி'யும் சேர்ந்த சொல்லாக விளக்கம் கொடுத்தார்கள். பிரெஞ்சு விமான நிறுவனத்தில் பணியாற்றிய கறுப்பின ஆண் ஒருவர் பின்னல் போட்டுக் கொண்டையாகக் கட்டி வேலைக்கு வந்தபோது விமானத்தில் ஏற விடவில்லை. சில காலம் விக் போட்டுக்கொண்டு பறந்தார், பின் வழக்குப் போட்டார். 2022 நவம்பரில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் காரணத்தைப் பாருங்கள்: அதே பின்னல் பெண் பணியாளர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது, ஆகவே இது பால் பாகுபாடு. முடியைப் பற்றிய வழக்கில் முடிக்கு இடமில்லை, பக்கத்துக் கதவு வழியாகத்தான் நியாயம் வந்தது. 2024 மார்ச்சில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை, முடியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா. காற்றில் ஈரம் குறையாத தீவு அது.

இன்னொன்று. 2023இல் டினா லசிசியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு காரியம் செய்தார்கள். சூடேறும் உடல்பொம்மை ஒன்றுக்கு நேர்முடி, லேசான சுருள், இறுகிய சுருள் என்று மூன்று விக்குகளை மாற்றி மாற்றி மாட்டி, மேலே சூரிய வெப்பம் போல விளக்கைக் காட்டி அளந்தார்கள். தலைக்கு வெயில் இறங்குவதை எல்லா முடியும் தடுத்தது, இறுகிய சுருள் எல்லாவற்றையும்விட நன்றாகத் தடுத்தது. தலையைக் குளிர்விக்க வேர்க்கவேண்டிய அளவும் அதில்தான் குறைவு. வேர்வையை மிச்சம் பிடிக்கும் கூரை. படியல, படியல என்று என்னை வரிசையிலிருந்து தள்ளி நிறுத்திய அந்த வெயிலில், என் தலை தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஜூனில் ஊருக்கு வந்தேன். ஆச்சிக்குக் காட்டவென்று தாந்தியிடம் ஒரு டப்பா கரிட்டே வாங்கி, இந்த முறை ஜாக்கிரதையாகப் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரும் வழியில் டிரைவர் சாப்பிட நிறுத்தினார், கார் வெயிலில் நின்றது. டிக்கிக்குள் டப்பா முழுக்க உருகி, மூடி வழியே கசிந்து, ஆச்சிக்கு வாங்கிய ஸ்வெட்டரை நனைத்துவிட்டது. இந்த ஊரில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், தள்ளுபடி விலை. வீட்டுக்கு வந்து மழை பிடித்ததும் மீதி எண்ணெய் மெல்ல இறுகியது. கரிட்டே உருகி மெதுவாக ஆறினால் மணல் மணலாகத்தான் கட்டும்.

ஆச்சி டப்பாவைத் திறந்து ஒரு விரலில் எடுத்து முகர்ந்தாள். இரண்டு விரலுக்கிடையில் நெருடிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்குட்டி ரவ மாதிரி இருக்கு?"

"தலைக்கு வைக்கது ஆச்சி. ஆப்பிரிக்காக்காரங்க எண்ணெய்."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். பிறகு காலைத் தூக்கி முட்டின்மேல் வைத்துக்கொண்டு, குதிகால் பித்தவெடிப்பில் அதை நன்றாக அழுத்தித் தேய்த்தாள். திருப்தியாக இருந்தது போல, அடுத்த காலுக்கும் எடுத்துக்கொண்டாள். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு என்னைக் கீழ்ப்படியில் உட்காரச் சொன்னாள். வெளியே மழை சாய்ந்து அடித்தது, என் தலை ஏற்கெனவே பொங்கத் தொடங்கியிருந்தது. தாந்தி சொல்லித் தந்தபடி நுனியிலிருந்து சிக்கெடுக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எண்ணெய் உச்சியில் விழுந்து காதோரம் வடிய ஆரம்பித்துவிட்டது.